வெள்ளிக்கிழமை நூலகம் இயங்காது

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருங்கள் அம்மா. இந்த மாடிக்கு மேற்கு வெயில் அப்படியே வரும். பழகாதவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் தலைவலி பிடித்துக்கொள்ளும். எனக்குப் பழக்கம்.

ஹம்சினி என்று பெயர் சொன்னீர்கள். நூலகத் துறையிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார் என்றதும், வயதான ஒருவர் தோல்பையோடு வருவார் என்று நினைத்திருந்தேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூலகர் கருணாகரனைத் திரும்ப வேலையில் சேர்ப்பதா, ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். முன்பு நான் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் அதற்கு எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் உங்களைக் கீழே உட்கார வைக்காமல் மாடிக்கு அழைத்து வந்தேன். நிதானமாகவே சொல்கிறேன். செய்ததை மட்டும் கேட்டால் என்னைப் பற்றி ஏதாவது நினைத்துவிடுவீர்கள். ஏன் செய்தேன் என்பதையும் சேர்த்துக் கேட்டால் அதில் ஒரு நியாயம் இருப்பது தெரியும்.

இந்த இடம் என் அப்பா கொடுத்தது. அடையாற்றில் அப்போது வீடுகளே குறைவு. மயிலாப்பூரில் வக்கீலாக இருந்தவர், இங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை வாங்கி, ஒன்றில் வீடு கட்டினார். இன்னொன்றை ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இதோ, சுவரோரம் நிற்கும் கண்ணாடி அலமாரிகள் எல்லாம் அவருடையவை. சட்டம், சரித்திரம், சங்கீதம். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் அவர் பெயர் முத்திரை இருக்கும். நான் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது, வாசகர் வட்டத்துக்கு என்னையே தலைவராக்கினார்கள். ராஜகோபாலன் இருந்தால் நூலகம் ஒழுங்காக இருக்கும் என்று ஒரு பேர் எனக்கு இருந்தது. நூலகத்தின் இன்னொரு சாவியும் என்னிடமே இருந்தது. அதைத்தான் பிறகு நான் இல்லை என்று சொன்னேன்.

அந்தக் காலத்தில் நீங்கள் இந்த நூலகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் நாளிதழ் வந்ததும் என்னைப் போல நான்கைந்து பேர் வருவோம். பக்கத்தைப் புரட்டும் சத்தமும் மின்விசிறிச் சத்தமும்தான் கேட்கும். யாராவது இருமினால்கூட, மன்னிக்கவும் என்பதுபோலக் கையை உயர்த்துவார்கள். மாலையில் பெண்கள் தொடர்கதை உள்ள வார இதழ்களுக்கு வருவார்கள். அவ்வளவுதான். ஒரு பேட்டைக்கு நூலகம் எதற்கு என்றால் இதற்குத்தான். மனிதர்கள் கொஞ்ச நேரம் மரியாதையாக உட்கார ஓர் இடம்.

கருணாகரன் வந்தது மெட்ராஸ் என்ற பெயர்ப் பலகைகளை அழித்துச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த வருஷம். ஆதம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். சுறுசுறுப்பானவர்தான், அதை நான் மறுக்கவில்லை. வந்த சில வாரங்களில் ஒரு காரியம் செய்தார். இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆற்றங்கரையில் இருந்த குடிசைகளுக்குப் போய், நூலகம் உங்களுக்கும்தான், வாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவர் ரகுபதி. தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். ஒரு கால் சூம்பிப் போனவர், கோல் ஊன்றி நடப்பார். அவருக்குப் பேப்பர் படிக்கத் தெரியும். படிக்கத் தெரியாதவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். அப்புறம் ஆட்டோ ஓட்டும் வலியுல்லா, வேலைவாய்ப்புப் பக்கத்துக்காக. அப்புறம் தேவானை. இந்த வாசலில்தான் பூ விற்பாள். வியாபாரம் இல்லாத நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து ரகுபதி படிப்பதைக் கேட்பாள். எட்டாம் வகுப்பில் இருந்த அவள் பெண் நிலா மட்டும் கீழே உட்கார மாட்டாள். நேராக மாடிக்கு வருவாள். குடிசையில் விளக்கு கிடையாது என்று கருணாகரன்தான் அவளுக்கு அந்த ஜன்னலோர நாற்காலியைக் காட்டிவிட்டார். அதுதான். இப்போது உங்கள் பை இருக்கிற நாற்காலி. எடுக்க வேண்டாம், இருக்கட்டும்.

ஒரு மாதத்தில் நூலகத்தின் வாசனையே மாறிவிட்டது. நான் யாரையும் இழிவாகச் சொல்லவில்லை. ஆற்றங்கரைக்கு ஒரு வாசனை உண்டு, அது துணியில் ஏறும். எங்கள் வட்டத்து நண்பர்கள் ஒவ்வொருவராக வருவதைக் குறைத்தார்கள். கேபிள் டி.வி. வந்துவிட்டது, அதனால் என்று ஒருவர் சொன்னார். எனக்குக் காரணம் தெரியும்.

கருணாகரனிடம் இதைப் பற்றிப் பேசினேன். உறுப்பினர் அட்டைக்கு முகவரி அத்தாட்சி வேண்டும், வட்டத் தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும், கதவு எண் இல்லாத வீட்டுக்கு எதை நம்பிப் போடுவது என்று கேட்டேன்.

"நான் போடறேன் சார். அவங்களுக்கு நான் ஜாமீன்" என்றார்.

"புத்தகம் திரும்ப வரலேன்னா?"

"இதுவரைக்கும் திரும்ப வராத புத்தகமெல்லாம் மாடி வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போனதுதான் சார்" என்று சிரித்தபடி சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் நான் கோபத்தைக் காட்டவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நிலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எனக்கு அந்தப் பெண்மேல் ஏதோ வெறுப்பு என்று தோன்றிவிடும். ஒரு நாள் அப்பாவின் சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்படிச் செய்யக் கூடாது என்றேன். மறுநாளிலிருந்து மாடி ஏறியதும் என் மேஜைக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள். "கழுவிகினு வந்துட்டேன் தாத்தா" என்பாள். நான் தலையசைத்த பிறகுதான் அலமாரியைத் தொடுவாள். அவ்வளவு அடக்கம். தினமும் அந்தக் கைகளை நான் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கும்.

மழைக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம். வியாழக்கிழமை பிடித்த மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே கருணாகரன் ஆதம்பாக்கத்தில் இருந்தார். என் மனைவி ஜானு நங்கநல்லூரில் பெண் வீட்டுக்குப் போயிருந்தாள், பெண்ணுக்குப் பிரசவமான சமயம். ஏரியைத் திறந்துவிட்டார்கள், ஆறு ஏறுகிறது என்று தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். எனக்குப் புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. வீட்டைப் பூட்டிக்கொண்டு, இரண்டு மனைக்கும் நடுவில் உள்ள பக்கவாட்டுக் கதவு வழியாக நூலகத்துக்கு வந்தேன். கம்பிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, மறுபடி பூட்டினேன். உள்ளே இருந்து பூட்டுவது என் பழக்கம். தனியாக இருக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது.

ஆமாம் அம்மா, அன்றைக்கு நான் இங்கேதான் இருந்தேன். அதுதான் முதல் திருத்தம்.

மதியத்துக்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நான் இந்த ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரைப் பக்கமிருந்து அவர்கள் வருவது தெரிந்தது. தலையில் பாத்திரம், இடுப்பில் குழந்தை. குடிசைகள் போய்விட்டன என்று அவர்கள் நடையிலேயே தெரிந்தது. பெரும்பாலானவர்கள் முன்பே பெரிய சாலைக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. கடைசியாகக் கிளம்பிய சிலர்தான் இந்தப் பக்கம் வந்தது. நடக்க முடியாத ரகுபதி, அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாதவர்கள். தேவானை, அவளுடைய சின்னப் பையன், நிலா, வலியுல்லா, இன்னும் இரண்டு மூன்று பெண்கள். இந்தப் பகுதியில் எல்லோருக்கும் பொதுவான மாடிக் கட்டடம் இது ஒன்றுதான். இதை நோக்கித்தான் வந்தார்கள்.

முதலில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிறகு இங்கே வராந்தாவில் ஏறிக் கம்பிக் கதவைப் பிடித்து ஆட்டினார்கள்.

"கருணாகரன் சாரு லீவு. சாவி அய்யரு வூட்லதான் இருக்கும்" என்று வலியுல்லாவின் குரல். "வூட்ல யாரும் இல்ல. ஊருக்குப் போய்கிறாங்க போல" என்று தேவானை சொன்னாள்.

நான் அசையாமல் நின்றேன். கேட்காததுபோல இருந்தேன் என்று சொல்ல முடியாது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவர்கள் கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றுவிட்டு, மழை விட்டதும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அது தவறான கணிப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணிப்பு தவறுவது குற்றம் ஆகாது.

தண்ணீர் வராந்தாவில் ஏறியது. குழந்தை அழ ஆரம்பித்தது. அப்போது நிலா சொன்னாள்: "யம்மா, பூட்டு உள்ளாண்ட தொங்குதும்மா. தாத்தா உள்ளதான் கீறாரு."

"சும்மா இருடி. இருந்தா தொறக்க மாட்டாரா? கம்பிக்குள்ள கைய வுட்டு பூட்டிகினு போயிருப்பாரு."

"இல்லம்மா. தாத்தா, மேல கீறீங்களா? நான் நிலா."

அம்மா, நான் கல்மனசுக்காரன் இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மாடிப்படி திரும்புகிற இடம் வரைக்கும் போனேன். அங்கிருந்து கம்பிக் கதவின் கீழ்ப்பாதி தெரியும். அவர்களுடைய கால்கள் தெரிந்தன. கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் இருந்தன. அங்கே நின்று யோசித்தேன். இன்றைக்குத் திறந்தால் மேலே வருவார்கள். இந்த அலமாரிகளுக்கு நடுவில் படுப்பார்கள். சமைப்பார்கள். தண்ணீர் வடிந்தாலும் போக மாட்டார்கள், போவதற்குக் குடிசை இல்லையே. கருணாகரன் வந்து, இருக்கட்டும் சார் என்று சிரிப்பார். அதன் பிறகு இந்த இடத்தை நான் எந்த வாயால் என் அப்பாவின் நூலகம் என்று சொல்வேன்? இவ்வளவையும் யோசித்தேன். பதற்றத்தில் செய்ததாக என்னால் சொல்ல முடியாது. யோசித்துவிட்டுத்தான் சத்தம் வராமல் மேலே திரும்பி வந்தேன்.

வலியுல்லா கல்லால் பூட்டை உடைத்துவிடலாம் என்றார். வராந்தா ஓரத்தில் செங்கல் இருந்தது, அதை எடுக்கவும் எடுத்தார். அப்போது அவரைத் தடுத்தது யார் தெரியுமா? ரகுபதி.

"வாணாம் நைனா. கெவுருமென்ட் பூட்டு. ஒடச்சா நாளிக்கு கருணாகரன் சாரு தலைலதான் வெடியும். அந்த மனுசன் நமக்கோசரம் எவ்ளோ பேச்சு வாங்கிக்கீறாரு. ஸ்கூலாண்ட பூடலாம், வா."

பள்ளிக்கூடம் தெருக்கோடியில். அங்கே மாடி உண்டு, கதவும் திறந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. அதற்குள் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல். வலியுல்லா சின்னப் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால். கடைசியில் ரகுபதி. கோலை அவரால் ஊன்ற முடியவில்லை. நிலா அந்தக் கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவர் கையில் கொடுத்து, "மெதுவா வா மாமா, எம் பின்னாலயே வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். இந்த ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். அங்கே, அந்த மின்கம்பத்துக்குச் சற்று இந்தப் பக்கம், ஒரு வடிகாலின் மூடி இல்லை. எவ்வளவு காலமாக இல்லை என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும், நடைபோகும்போது சுற்றிப் போவேன்.

கத்திச் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். ஜன்னலைத் திறந்து கத்தினால் நான் உள்ளே இருந்தது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

நிலா சட்டென்று தண்ணீருக்குள் போனாள். கால் இடறியதுபோலத்தான் இருந்தது. ரகுபதி கோலை விட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அப்புறம் அவரும் இல்லை. தேவானை திரும்பிப் பார்த்தபோது தெருவில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அவள் போட்ட சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

நிலாவும் ரகுபதியும் மறுநாள் ஆற்றோரம் கிடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தண்ணீர் வடிந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்தருகே கூடியிருந்தபோது, கதவைத் திறந்து வெளியே வந்து, இந்த முறை பூட்டை வெளிப்பக்கமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை காலையில் கருணாகரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சேதி கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் பார்த்து, "உங்ககிட்ட சாவி இருந்துதே சார்" என்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தாசில்தாரும் வந்திருந்தார்.

"சாவி என்கிட்ட இல்லை. போன மாசமே உங்ககிட்ட திருப்பிக் கொடுத்துட்டேனே. நான் நேத்திக்கு மாம்பலத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் இருந்தேன்" என்றேன்.

கருணாகரன் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டார். விடுமுறை நாளில் உள்ளூரில் பொறுப்பான ஆளிடம் சாவி கொடுக்காமல் போனது கடமை தவறிய செயல் என்று அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். மீதி உங்களுக்குத் தெரியும்.

கீழ்த்தளத்துப் புத்தகங்கள் நனைந்துவிட்டன. குழந்தைகள் பகுதி, போட்டித் தேர்வுப் புத்தகங்கள், வார இதழ்கள். அவற்றை மொட்டை மாடியில் பரப்பிக் காய வைத்தேன். வாசகர் வட்டம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. வெள்ளத்திலிருந்து நூல்களைக் காத்தவர் என்று பேசினார்கள். நான் ஏற்புரையும் நிகழ்த்தினேன். இங்கே இன்னொரு திருத்தம். நான் எதையும் காக்கவில்லை. அப்பாவின் புத்தகங்கள் எப்போதும் மாடியில்தான் இருந்தன, எந்த வெள்ளமும் இங்கே எட்டாது. வெள்ளத்தன்று காலை முதல் மதியம் வரை கீழே எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. ஒரு புத்தகத்தைக்கூட நான் மேலே தூக்கி வைக்கவில்லை. அவை யாருக்கான புத்தகங்கள் என்று யோசித்தால் உங்களுக்கே காரணம் புரியும்.

ஜானு நங்கநல்லூரிலிருந்து வந்தாள். பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, "அன்னிக்கு எங்கே இருந்தேள்?" என்று கேட்டாள்.

"மாம்பலத்துல."

"மாம்பலத்துல யார் ஆத்துல?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். இரண்டு நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நங்கநல்லூருக்கே திரும்பிப் போனாள். குழந்தை இப்போது ஓடியாடி விளையாடுகிறது. அவள் இன்னும் வரவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் யாரையும் திரும்பக் குடியேற விடவில்லை. ஊருக்கு வெளியே எங்கேயோ இடம் கொடுத்தார்கள். இங்கே வந்துபோக இரண்டு பஸ் மாற வேண்டுமாம். இஸ்திரி வண்டி இருந்த இடத்தில் இப்போது ஓர் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. நூலகம் அமைதியாகிவிட்டது. நான் விரும்பிய அமைதிதான். காலையில் நான் வருகிறேன். எங்கள் வட்டத்தில் இருவர் காலமாகிவிட்டார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே டி.வி. பார்க்கிறார்கள். கருணாகரனுக்குப் பதில் வந்த அம்மாள் நாள் முழுக்க ஸ்வெட்டர் பின்னுகிறார், பாவம், வேறு என்ன செய்வார்? வாசகர் வருகை இல்லாததால் இந்தக் கிளையை மூடிவிடும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களுக்கு அதுபற்றித் தெரிந்திருக்கும். சொல்ல வேண்டாம்.

போன வாரம் தேவானை வந்தாள்.

இளைத்திருந்தாள். பூக்கூடை இல்லை. நேரே என்னிடம் வந்து கும்பிட்டாள். "ஐயா, கருணாகரன் சாருக்கு இன்னும் வேலை குடுக்கலியாமே. அவரு சாவி குடுக்காம போற ஆளே கெடயாது. எங்கியோ தப்பு நடந்துகீது. நீங்க பெரியவங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா கேப்பாங்க" என்றாள். அதற்காக இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் பெண் செத்ததற்கு அவர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லும்போது, அவருக்காகப் பேசச் சொல்லி என்னிடம் வந்திருந்தாள்.

பார்க்கலாம் என்றேன். அவள் போகவில்லை. "நிலா மேலதான் குந்திகினு படிக்கும்னு சொல்வாங்க. நான் ஒரு நாளும் மேல ஏறனதில்ல. ஒருவாட்டி பாத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அழைத்து வந்தேன். அந்த நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தாள், உட்காரவில்லை. ஜன்னலருகே நின்றாள். அப்போது கீழே வராந்தாவில் தபால்காரர் ஒருவரும் கீரைக்காரியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அரைக்கீரை என்ன விலை என்று அவர் கேட்டார், அவள் சொன்னாள், அவர் முணுமுணுத்தார். முணுமுணுப்பு உட்பட எல்லாம் இங்கே கேட்டது.

தேவானை வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகும் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க எல்லாம் கேக்குது" என்றாள்.

நான் ஜன்னல் கதவைச் சாத்தப் போனேன்.

"பூட்டு உள்ளாண்ட தொங்குதுன்னு அது சொல்லிச்சு. நான்தான் அதட்டினேன். நீங்க இருந்தா தொறப்பீங்கன்னு சொன்னேன்."

கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. நான் அதற்குத் தயாராக இருந்தேன். அப்படிச் செய்திருந்தால், பெண்ணை இழந்தவள், ஏதோ பேசுகிறாள் என்று சமாளித்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, படியிறங்கிப் போய்விட்டாள். கருணாகரன் வீட்டுக்குத்தான் போயிருப்பாள். அவர்கள் வாயிலிருந்து நீங்கள் கேட்பதைவிட, காரண காரியத்தோடு நான் சொல்வது மேல் என்று உங்களுக்கு ஆள் அனுப்பினேன்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். சாவி என்னிடம் இருந்தது. அதை நான் கருணாகரனிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. நான் உள்ளே இருந்தேன். அவர்கள் கூப்பிட்டது கேட்டது, நிலா என்னைப் பெயர் சொல்லாமல் தாத்தா என்று கூப்பிட்டதும் கேட்டது. திறக்க முடியும், திறக்கவில்லை. மூடியில்லாத வடிகால் இருப்பது தெரியும், எச்சரிக்கவில்லை. பிறகு பொய் சொல்லி, நல்ல மனிதர் ஒருவர்மேல் பழியைப் போட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். போலீஸிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமையானால் அதையும் செய்யுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். ஏன் என்று கேட்கிறீர்கள், இவ்வளவு சொன்ன பிறகும். நானும் இத்தனை நாளாக அதற்குப் பெரிய பெரிய பதில்களாகத் தேடிப் பார்த்துவிட்டேன். அப்பா, ஒழுங்கு, நூலகத்தின் எதிர்காலம் என்று. உண்மையில் அன்றைக்கு மாடிப்படியில் நின்றபோது என் மனதில் முதலில் வந்தது மிகச் சாதாரணமான விஷயம். நீங்களும் ஒரு வீட்டை நிர்வகிக்கிறவர், யோசித்துப் பாருங்கள். முந்தின நாள்தான் இந்த மாடி முழுவதையும் கழுவித் துடைத்திருந்தோம். அவர்கள் எல்லோரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள், அம்மா.